மூத்தவனின் அடிக்குரல்

கைப்பேசியில் அந்தக் குரலைக் கேட்டதும் என் வாயில் முதலில் வந்தது, "இது அவன் இல்லை" என்பதுதான். மகள் என்னைப் பார்த்த பார்வையை மறக்கமாட்டேன். கனடாவில் இருக்கிற என் தங்கை அத்தனை வருடமும் அலுமாரிக்குள் பத்திரமாக வைத்திருந்த கசற் நாடா அது. அந்த நாளில் நாங்கள் கடிதத்துக்குப் பதிலாகக் கசற்றில் கதைத்து, கொழும்புக்குப் போகிறவர்களிடம் கொடுத்து வெளிநாட்டுக்கு அனுப்புவோம். அதைத்தான் தங்கையின் பிள்ளை கைப்பேசியில் ஏற்றி அனுப்பியிருந்தது. கதைப்பது என் மூத்தவன். கடைசிச் சண்டைக்குள் எங்களை விட்டுப் பிரிந்தவன். செத்ததைக் கண்டவரும் இல்லை, இருக்கிறான் என்று சொன்னவரும் இல்லை. அவன் குரல் இந்த உலகத்தில் மிஞ்சிக் கிடப்பது இதில் மட்டும்தான். அதுவும் தகரத்தில் ஆணி கீறினதுபோல வந்தது.

அவனுக்கு அப்படிக் குரல் இல்லை. தொண்டை உடைந்த வயதிலேயே அடிவயிற்றிலிருந்து கதைக்கத் தொடங்கிவிட்டான். மர வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்து கதைத்தால் பலகை அதிருவது என் தொடையில் தெரியும். எங்கள் ஊர் அக்கராயனில் பக்கத்து வளவுக்காரி ஒருநாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "உன்ர மோன் கதைச்சவனே? நான் உழவு மிசின் வருதெண்டெல்லே ஓடி வந்தனான்" என்றாள். சிரித்தாலும் எனக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

அந்தக் குரலை நான் மறக்கமாட்டேன் என்றுதான் இருந்தேன். போன மாரியில் ஒரு போன் வந்தது. எடுத்தேன். ஒரு ஆண்குரல் "அம்மா" என்றது. அவ்வளவுதான், அறுந்துபோயிற்று. மகள் திருப்பித் திருப்பி எடுத்துப் பார்த்தாள், அந்த இலக்கம் வேலைசெய்யவில்லை. யாரோ இலக்கம் மாறி எடுத்திருப்பார்கள் என்றாள். பிறகு மெதுவாக, "அண்ணா மாதிரி இருந்ததோ?" என்று கேட்டாள். பெற்றவள் நான், ஓம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. இன்னொரு தரம் அவன் எடுத்தால், வாசலில் வந்து நின்றால், இது என் பிள்ளை என்று குரலைக் கேட்டு நான் சொல்லவேண்டாமா? அதற்குத்தான், கைப்பேசியில் அடிக்குரல் வராதென்று மகள் சொல்ல, கிளிநொச்சிக்குப் போய், அலுமாரித் தட்டில் வைத்துப் பாட்டுக் கேட்கிற சின்ன ஸ்பீக்கர் ஒரு சோடி வாங்குவதென்று முடிவெடுத்தேன்.

கடைக்காரத் தம்பி சினிமாப் பாட்டொன்றைப் போட்டுக் காட்டி, "பேஸை, அடிச்சத்தத்தைப் பாருங்கோ அம்மா, பக்கத்து வளவில நிக்கிற ஆக்களும் ஆடுவினம்" என்றான். எனக்கு ஆடுகிற வயசில்லை, என் பிள்ளை கதைப்பதைக் கேட்கவேண்டும் என்றேன். அவன் முகம் மாறிவிட்டது. கதிரை போட்டான். நான் நின்றபடியே கேட்டேன்.

கூட வந்த மகள் கைப்பேசியைக் கொடுத்தாள். முதல் சோடியில் மூத்தவன் கதைக்கத் தொடங்கியதும் அவள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். அண்ணாவேதான் என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. அப்படியொரு அடிச்சத்தம். ஆனால் கேட்கக் கேட்க, செருமினாலும் அதே முழக்கம், சிரித்தாலும் அதே முழக்கம். யாருடைய பிள்ளையைப் போட்டாலும் இந்தப் பெட்டி இப்படித்தான் கதைக்கும் என்று பட்டது. இதையே நாளும் பொழுதும் கேட்டால், இந்தப் பெட்டியின் குரல்தான் என் பிள்ளையின் குரலென்று காதில் ஊறிவிடும். அந்தப் பயத்தில் நிப்பாட்டச் சொன்னேன்.

தம்பி சலிக்கவில்லை. மற்றச் சோடியைச் சுவரிலிருந்து தள்ளி வைத்தான். சுவரோடு ஒட்டி இருந்தால் எந்தப் பெட்டியும் கூட முழங்குமாம். இரண்டையும் ஒரே சத்தத்தில் வைத்துத்தான் கேட்கவேண்டும், கூடச் சத்தமாக இருப்பது எப்போதும் நல்லதாகத்தான் தெரியும் என்றான். கண்ணாடிக் கதவைச் சாத்தி லொறிச் சத்தத்தையும் அடைத்தான்.

இந்தச் சோடியில் முழக்கம் குறைவு. "சின்னம்மா" என்று தொடங்கியபோது வாங்குப் பலகை அதிர்ந்த அந்தக் குரல் இருந்தது. போகப்போக மெலிந்தது. மாடு வாங்கினதைச் சொல்லும்போது யாரோ ஒரு சின்னப் பெடியன் கதைப்பதுபோல இருந்தது. எனக்கு விசர் வந்தது. ஏன் இந்தப் பெட்டி அவனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோகிறது என்று தம்பியிடம் கத்திவிட்டேன். அப்போது கசற்றுக்குள் அவன், "சுத்தடி, நித்திரை கொள்ளாதை" என்றான்.

மகள் நிலத்தில் குந்திவிட்டாள். "அம்மா, நான்தானே சுத்தினனான்."

சாமான் வர விடாத அந்தச் சண்டைக்காலத்தில் எங்களுக்குக் கரண்டும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுத்தி, டைனமோவில் வருகிற கரண்டில்தான் கசற்றில் பதிகிற மிசின் ஓடும். சின்னப் பிள்ளை, கை நொந்து மெள்ளச் சுத்தியிருக்கிறாள். மெள்ளப் பதிந்ததை இப்போது சரியான வேகத்தில் ஓட்ட, அண்ணனின் குரல் வேகமாகிக் கீச்சுக்குரலாக மெலிகிறது. பெட்டியில் பிழையில்லை. முதல் சோடி தன் முழக்கத்தால் அதை மூடியிருந்தது, அவ்வளவுதான்.

அண்ணன் அதட்டியதும் அவள் உசாராகிச் சுத்தியிருக்கவேண்டும். அடுத்து வந்தது முழுதாக அவன்: "அம்மா சுகமா இருக்கிறா சின்னம்மா, யோசிக்காதேங்கோ." பிறகு திரும்பவும் மெலிந்துபோனான்.

அந்தச் சோடியைத்தான் வாங்கினோம். முன்னறையில், சுவரில் முட்டாமல் வைத்திருக்கிறேன். மகள் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போனபிறகு அந்த இடத்தை மட்டும் போட்டுப் போட்டுக் கேட்கிறேன். அவன் "அம்மா" என்று சொல்வது இப்போது எனக்குத் துல்லியமாகத் தெரியும். எந்தக் கூட்டத்துக்குள்ளும் பிடித்துவிடுவேன். ஆனால் போன மாரியில் போனில் வந்த அந்த "அம்மா" எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்க்கிறேன். அது எனக்கு நினைவில் இல்லை.