என் பாட்டுக்கு வாயசைத்த ஆயா

எங்கள் தேயிலைத் தோட்டத்தில், வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவத்தில் ஒரு ஆயா இருந்தார். எங்கே கிளம்பினாலும் முதலில் ஜன்னல் கண்ணாடியில் பொட்டைச் சரிபார்ப்பார்.

பதுளையில் படிக்கும் எங்கள் லயத்து வீட்டு வரிசைப் பெண்ணொருத்தி பள்ளிக்கூடத்துக்காகப் பாட்டு வீடியோ செய்ய வந்தாள். கொழுந்து பறிக்கையில் நான் பாடின பாட்டைப் போனில் பதிந்துகொண்டாள். படம் பிடிக்க வந்தபோது வெட்கத்தில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். அதனால் ஆயாவைத் தேயிலைக்குள் நிறுத்தி, என் குரலுக்கு வாயசைக்க வைத்தாள்.

வீடியோ எல்லார் போனுக்கும் போனது. “ஆயா, என்னா கொரலு!” என்று ஒரே கொண்டாட்டம். ஆயா சிரித்துக்கொண்டே நின்றார். எனக்கு வயிறு எரிந்தது.

தண்ணீர்ப் பீலியில் குடம் நிரப்ப வந்த ஆயாவை மடக்கிக் கேட்டேன். “பாடுனது நான்னு ஒரு வார்த்த சொன்னா என்னங்க?”

“பேரே போடாதன்னு அந்தப் புள்ளகிட்ட கெஞ்சுனது யாரு அக்கா? வாங்க, இப்பவே சொல்றேன்!” என்று கையைப் பிடித்து இழுத்தார்.

நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டேன்.

பாட்டு நடுவில் ஓரிடத்தில் எனக்கு மூச்சு வாங்கும். வீடியோவில் ஆயா அங்கே கண்ணை மூடுவார். பார்க்கிறவர்கள் அழுவது அந்த இடத்தில்தான். என் பாட்டுக்கா, அவர் கண்ணுக்கா? இன்னும் எனக்கு விளங்கவில்லை.