மூங்கில் புதர் மண்

அலிப்பூரில் ஒரு பூச்சி ஆராய்ச்சிக்கூடத்தில் நான் உதவியாள். மண்ணைப் புனலில் கொட்டி, மேலே பல்பை எரியவிடுவது என் வேலை. சூட்டுக்குப் பயந்து பூச்சிகள் கீழே கீழே போகும். தப்பித்தோம் என்று அவை இறங்கும் இடத்தில் ஸ்பிரிட் பாட்டில் இருக்கும்.

அதே நகரத்தில், பாலிகஞ்சில் ஒரு பழைய வீட்டு மூங்கில் புதர் மண்ணிலிருந்து அப்படித்தான் அது விழுந்தது. கடுகில் பாதிகூட இல்லாத எட்டுக்கால் பிராணி. பார்க்கச் சிலந்தி போலிருந்தாலும் இடுப்பு கிடையாது, வலை பின்னாது. இதுவரை யாரும் எழுதாத இனம் என்றார் எங்கள் மேடம், கோயம்புத்தூர்ப் பெண். ஆண் கிடைத்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியுமாம்.

"பொண்ணுங்களாவே வந்து விழுது. மாப்பிள்ளை எங்கண்ணா?" என்று சிரித்தார்.

அங்கிருந்து கொண்டுவந்த கடைசி மூட்டை மண்ணில் ஆண் விழுந்தது. உயிரோடு ஒன்றையாவது பார்க்க வேண்டுமென்று இருவரும் மறுபடி போனோம். வீடும் இல்லை, புதரும் இல்லை. அடுக்குமாடிக்காக ஆழமாகக் குழி தோண்டியிருந்தார்கள். அக்கம்பக்கத்துத் தோட்ட மண்ணையெல்லாம் சலித்தும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

கட்டுரை எழுத உட்கார்ந்தபோது மேடம் கேட்டார்.

"அங்க வாழுதுன்னு எழுதறதாண்ணா, வாழ்ந்துச்சுன்னு எழுதறதா?"

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். "எனக்கென்னங்க மேடம் தெரியும்?" என்றேன்.

மேடம், வாழ்கிறது என்றே எழுதினார்.