கண்ணாடிக்குள் அப்பாவின் காக்கிச் சட்டை

ஹடப்சரில் ஒரு மாலில் பழைய சினிமா உடைகளைக் கண்காட்சியாக வைத்திருக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை, ஏசியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வரலாமே என்று அம்மாவையும் கூட்டிப்போனேன். ராஜா ராணி அங்கிகளைத் தாண்டிப் போனால், கண்ணாடிப் பெட்டிக்குள் எங்கள் அப்பாவின் காக்கிச் சட்டை! கீழே இங்கிலீஷில் ஓர் அட்டை. ‘ஏழைத் தொழிலாளியின் சட்டை. வடிவமைப்பு: இன்னார்.’

வடிவமைப்பாம், வெங்காயம்!

கதையைக் கேளுங்கள். எனக்கு அந்த மாலிலேயே டீத்தூள் கொதிக்கிற வாசனை வந்துவிட்டது. பல வருஷங்களுக்கு முன்னால் நான் கசார்வாடியில் ஒரு தகர ஷெட்டில் தையல் வேலை பார்த்தேன். நாடகம், சீரியல், சினிமா என்று எல்லாவற்றுக்கும் அந்தக்காலத்து உடை தைக்கிற இடம். பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதுகூட இஞ்ச் டேப்பைக் கழுத்திலிருந்து எடுக்கமாட்டேன். நாலு பேர் பார்க்கட்டுமே என்கிற அல்பத்தனம்தான். புதுத் துணியைப் பழசாக்க அண்டா நிறைய டீத்தூளைக் கொதிக்கவைத்து முக்குவோம். குடிக்க ஒரு வாய் டீ கேட்டால் மட்டும் முதலாளி முறைப்பார். ஒரு தடவை பேஷ்வா காலத்துச் சேனாதிபதிக்கு முதுகில் ஜிப் வைத்தோம். “கேமரா பின்னாடி போகாது” என்றார் டைரக்டர். போயிற்று. சண்டைக்குக் கிளம்பிய சேனாதிபதி முதுகில் ஜிப் பளபளக்கக் குதிரை ஏறினார்.

இந்த லட்சணத்தில் மும்பையிலிருந்து ஒரு மேடம் வந்து இறங்கினாள். பழைய காலத்து ஃபாக்டரி ஸ்டிரைக் பற்றிய படம், உடைகளுக்கு அவள் பொறுப்பு. வாயைத் திறந்தால் ரிசர்ச். ஃபாக்டரிகள் மண்டிக்கிடக்கிற பிம்ப்ரி எந்தப் பக்கம் என்று டிரைவரைக் கேட்ட ரிசர்ச்! தொழிலாளிகள் அந்த நாளில் போட்ட அசல் சட்டை ஒன்று மாதிரிக்கு வேண்டும் என்றாள். நான்தான் அவசரக்குடுக்கையாக, “எங்க வீட்ல இருக்கு” என்று சொல்லித் தொலைத்தேன்.

அப்பா பிம்ப்ரியில் ஃபிட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். கடைசியாகப் போட்ட சட்டையை அம்மா இஸ்திரி போட்டுப் பெட்டியில் வைத்திருந்தாள். ஸ்க்ரூடிரைவர் குத்திப் பாக்கெட்டுக்குக் கீழே ஒரு கிழிசல். அதை அம்மா ரஃபூ பண்ணியிருந்தாள். அதாவது, சட்டையின் உள்மடிப்பிலிருந்தே நூலை உருவி, இழை இழையாகக் கோத்து மூடுவது. வெளியே தடவிப் பார்த்தாலும் தெரியாது. கிழிசலோடு அப்பா ஒருநாளும் ஃபாக்டரி கேட்டுக்குள் நுழைந்ததில்லை. அம்மாவுக்கு அதுதான் கௌரவம்.

“அளவு பாத்துட்டு அப்பிடியே கொண்டாந்துடணும், சொல்லிட்டேன்” என்றுதான் கொடுத்தாள்.

மேடம் விரித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். “யே தோ பஹுத் சாஃப் ஹை. கரீபி திக்னி சாஹியே.” ரொம்பச் சுத்தமாக இருக்கிறதாம். ஏழ்மை கண்ணில் தெரியவேண்டுமாம்.

“மேடம், யே சாம்பிள் ஹை. மேரே பப்பா கா ஹை” என்றேன், மாதிரிக்குத்தான், எங்கப்பாவுடையது என்று. ஹாங், ஹாங் என்று தலையாட்டினாள். நான் ரவிவார் பேட்டுக்குப் போய்ப் பட்டன் வாங்கித் திரும்புவதற்குள் சட்டையை டீ அண்டாவில் முக்கி, காலரைக் கேரட் துருவியால் தேய்த்துவிட்டாள். அதோடு விட்டாளா? உள்பக்கம் ரஃபூவைக் கண்டுபிடித்து, பிளேடால் இழை இழையாகப் பிரித்து வைத்திருந்தாள்.

“தேகோ, அஸ்லி ஹோல்!” என்று முகமெல்லாம் பல். பார், அசல் பொத்தலாம்!

நான் போட்ட கத்தலில் ஷெட்டில் அத்தனை மெஷினும் நின்றுவிட்டது. வேறு சட்டை வாங்கித் தருகிறேன், இதற்கென்ன இவ்வளவு சத்தம் என்றாள். ஹீரோவுக்கு அது கச்சிதமாகப் பொருந்தித் தொலைத்ததால் சட்டை திரும்பி வரவே இல்லை.

“உடும்மா, பழைய சட்டதானே” என்றார் அப்பா. அம்மா விடவில்லை. படம் வந்ததும் பிம்ப்ரி தியேட்டரில் பார்த்தோம். ஹீரோ பொத்தலைக் காட்டிக்கொண்டு கோஷம் போட, பக்கத்தில் லிப்ஸ்டிக்கோடு அவன் பெண்டாட்டி அழுதாள். அம்மா என் காதருகே குனிந்தாள்.

“அவ கைக்கு இன்னாடி வந்துது? ஒரு ஊசி பிடிக்க மாட்டாளா? எங்களயெல்லாம் இன்னான்னு நெனப்பாங்க?”

மேடத்துக்கு விருது கிடைத்தது. தொழிலாளர் வீடுகளில் தங்கி அவர்கள் வாழ்க்கையைப் படித்தேன் என்று மேடையில் கூசாமல் சொன்னாள். எங்கள் வீட்டு வாசலைக்கூட மிதிக்காதவள். தூ!

ஞாயிற்றுக்கிழமை அம்மா கண்ணாடியில் மூக்கு இடிக்க நின்றாள். பிறகு பையிலிருந்து ஊசிநூல் டப்பாவை எடுத்து, காவலுக்கு நின்ற பையனிடம் போனாள்.

“பையா, ஜரா கோலோ. தஸ் மினிட் கா காம் ஹை.” கொஞ்சம் திறக்கணுமாம், பத்து நிமிஷ வேலைதானாம்.

“மாவ்ஷி, ஹாத் நகா லாவூ” என்று சிரித்தான் அவன். தொடக்கூடாதாம்.

“வாம்மா போலாம்” என்று கையைப் பிடித்தேன். அம்மா நகரவில்லை.

“உங்கப்பாவ இப்பிடி நிக்க வெச்சிருக்காங்களேடி.”

அப்பா போய்ச் சேர்ந்து வருஷங்களாயிற்று. பிம்ப்ரியில் அவர் வேலை பார்த்த ஃபாக்டரி ஷெட்டை இடித்து ஃப்ளாட் கட்டிவிட்டார்கள். அம்மா கோத்த இழைகள் அன்றைக்கே டீத்தண்ணீரோடு கசார்வாடிச் சாக்கடையில் போயின. பொத்தல் மட்டும் பத்திரமாக இருக்கிறது. அதற்கென்று தனியாக ஒரு லைட் வேறு போட்டிருக்கிறார்கள்.