ஒரு செம்பு மஞ்சள் தண்ணீர்

என்னை எடுத்து வளர்த்தவர்கள் என்னை எடுப்பதற்காகக் கடல் தாண்டவில்லை. என் அண்ணனை எடுக்கத்தான் வந்தார்கள். இதை யாரும் என்னிடம் மறைத்ததில்லை. எங்கள் ஊரான ஓடைப்பட்டியில் மறைத்து வைக்கிற விஷயம் என்று எதுவும் கிடையாது.

ஐயாவுக்கும் அம்மாவுக்கும் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாகப் பிள்ளை இல்லை. தோட்டமும் கிணறும் இருந்தன; கொள்ளி போட ஆள் இல்லை. எடுத்தால் சொந்த ரத்தத்தில்தான் எடுக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். ஐயாவின் ஒரே தம்பியோ இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தார். அவருக்கு ஐந்து பிள்ளைகள். இரண்டாவது பையனைத் தருவதாகக் கடிதம் போட்டார். அந்தத் தம்பிதான் என்னைப் பெற்றவர். நான் ஐவரில் மூன்றாவது. கடிதத்தில் என்னைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

தேனிக்கு ரயில் வந்த புதிது அது. மாட்டு வண்டியில் தேனிக்குப் போகிற வழியில், பழனிசெட்டிபட்டித் தையற்காரரிடம் சொல்லி வைத்திருந்த சட்டையையும் கால்சட்டையையும் பையனுக்காக வாங்கிக்கொண்டார்கள். ஐயா தனக்கும் பச்சைக் கரை போட்ட பட்டுத் துண்டு ஒன்று வாங்கினார். பிள்ளை எடுக்கிற சபையில் தோளில் போட்டுக்கொள்வதற்கு.

மதுரை போய், அங்கிருந்து மண்டபம் போனார்கள். நோய்நொடி கப்பலேறிவிடக் கூடாதென்று அங்கே முகாமில் ஒரு வாரம் நிறுத்தி வைப்பார்கள். தேயிலைக்கு ஆளாகப் போகிறவர்களோடு தன்னையும் வரிசையில் நிற்கச் சொன்னது ஐயாவுக்குப் பொறுக்கவில்லை.

"நான் கூலிக்குப் போகலை. பிள்ளை எடுக்கப் போறேன்" என்றாராம் அங்கிருந்த எழுத்தரிடம்.

"எதுக்குப் போனாலும் குளிச்சிட்டுப் போங்க" என்றாராம் அவர்.

ஒரு வாரம் ஐயாவை மருந்துத் தண்ணீரில் குளிக்க வைத்தார்கள், ஊசி குத்தினார்கள், நாக்கை நீட்டச் சொன்னார்கள். துணிகளை எல்லாம் ஆவியில் அவித்துக் கொடுத்தார்கள். பட்டுத் துண்டின் பச்சை வேட்டியில் இறங்கிவிட்டது. ஏழு தலைமுறையாகச் சொந்த நிலத்தில் உழுத சம்சாரி, வெளிறிய பச்சை வேட்டியோடு தனுஷ்கோடியில் கப்பலேறினார்.

தோட்டத்துக்கு வந்த மூன்றாம் நாள் சடங்குக்கு நேரம் குறித்திருந்தார்கள். எங்கள் ஆட்களிடம் பத்திரமோ ஓமமோ கிடையாது. சொந்தக்காரர்கள் கூடியிருக்க, எடுக்கிறவர்கள் மஞ்சள் தண்ணீர் கொடுக்க வேண்டும், பிள்ளை குடிக்க வேண்டும். குடித்துவிட்டால் அந்த வீட்டுப் பிள்ளை. அப்புறம் பேச்சே இல்லை.

என் அண்ணன் அந்தக் கால்சட்டையைப் பார்த்ததுமே தேயிலைச் செடிகளுக்குள் ஓடிவிட்டான். ஆண்கள் அத்தனை பேரும் அவனைத் தேடிப் போனார்கள். தோட்டத்து வரிசை வீடான லயத்தின் வாசலில் பாய் விரித்து, அன்றைக்கு எனக்குப் பெரியம்மாவாக இருந்த அம்மா மஞ்சள் செம்போடு உட்கார்ந்திருந்தாள். எனக்கு ஆறு வயது. தாகமாக இருந்தது. செம்பு என் வாயில் இருந்தது. நடுவில் நடந்தது எனக்கு நினைவில்லை.

அண்ணனைக் காதைப் பிடித்து இழுத்து வந்தபோது செம்பு காலி.

"இன்னொரு செம்பு கலக்கு" என்றார் ஐயா.

தோட்டத்து ஆட்களை மேய்க்கிற கங்காணி எங்கள் பங்காளிகளில் மூத்தவர்; அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "மாத்தி மாத்திக் கலக்க இதென்ன தேத்தண்ணியா? பிள்ளை குடிச்சிருச்சு. கக்கச் சொல்லவா முடியும்?"

ஒரே மடக்கில் என் பெரியப்பா ஐயாவானார், பெரியம்மா அம்மாவானாள், என்னைப் பெற்றவர் சித்தப்பாவானார். பெற்றவள் ரயிலடி வரைக்கும் வந்தாள். "நல்லா இருத்தா" என்றாள். என் தலையைச் சரிசெய்தாள். கூட்டிக்கொண்டு திரும்பிவிடுவாள் என்று ரயில் நகரும் வரை நம்பினேன். அந்த நிமிஷத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. யாரை மன்னிக்கவில்லை என்றுதான் தெரியவில்லை.

புதுத் துணி என்று கையில் இருந்தது அந்தச் சட்டையும் கால்சட்டையும்தான். எனக்கு அதையே மாட்டிவிட்டார்கள். ஓடைப்பட்டியில் வண்டியை விட்டு இறங்கியதும் ஊர் கூடிவிட்டது. "பையனுக்கு எதுக்கு இம்புட்டு நீளச் சடை?" என்று பக்கத்து வீட்டு அத்தை கேட்டாள். விவரம் தெரிந்ததும், "பொட்டப்பிள்ளைக்கா கடல் தாண்டிப் போனாக? பக்கத்துல அல்லிநகரத்துக்குப் போயிருந்தா அன்னிக்கே திரும்பியிருக்கலாமே" என்றாள். இந்தப் பேச்சு பல வருஷம் ஓடியது. ஐயாவும் கூடச் சிரிப்பார். நான் சிரிக்கமாட்டேன். தவறி வந்த பொருளைத் திருப்பி அனுப்புவார்கள் என்பது எனக்குத் தெரியும்.

முதல் ஆறு மாதம் தினமும் அழுதேன்; அப்போது யாரும் திருப்பி அனுப்பவில்லை. பிறகு பழகிவிட்டது. அம்மாவின் கைச்சோறு பழகியது, ஐயா மாடு பூட்டிக் கிணற்றில் கமலை இறைக்கும்போது அதன் வடக்கயிற்றில் உட்கார்ந்து போகப் பழகியது. ஊரில் ஒரு சாமியார் நடத்திய பள்ளிக்கூடத்தில் எழுத்தும் பழகினேன். எங்கள் வீட்டில் எழுத்து தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

அதனால்தான் இரண்டு வருஷம் கழித்து இலங்கையிலிருந்து வந்த கடிதத்தை நானே படிக்க வேண்டியதாயிற்று. பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தபடி நிமிர்ந்து நின்று, உரக்கப் படித்தேன். எல்லோரும் சுகம். பையனுக்கு இப்போது புத்தி வந்துவிட்டது, வரச் சம்மதிக்கிறான். பெண்ணை அழைத்து வந்து விட்டுவிட்டுப் பையனைக் கூட்டிப் போகலாம். கங்காணியிடமும் பேசியாகிவிட்டது. என்னை மாற்றச் சொன்ன அந்த வரியைப் படிக்காமல் விழுங்கியிருக்கலாம். படித்து முடித்த பிறகுதான் அது எனக்குத் தோன்றியது.

ஐயா கடிதத்தை வாங்கி மடித்தார். அப்புறம், "அறுப்பு முடியட்டும். போயிட்டு வருவோம். கொள்ளிக்கு ஒரு ஆள் வேணும்ல" என்றார். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

அம்மா புளி கரைத்துக்கொண்டிருந்தாள். கையைக் கழுவவில்லை. "யாரும் எங்கனயும் போக வேண்டாம்" என்றாள்.

"தப்பா நடந்தது. அதைச் சரி பண்றோம். அம்புட்டுத்தான்."

"என்ன தப்பு? அந்தப் பயலுக்கு அன்னிக்கு வர இஷ்டமில்லை, ஓடிட்டான். இவ மூணு நாளா என் முந்தானையப் பிடிச்சுக்கிட்டே திரிஞ்சா. குடிச்சது யாருன்னு அங்கன அத்தனை பேரும் கேட்டாக. குடுத்தது யாருன்னு ஒருத்தராச்சும் கேட்டீகளா?"

ஐயா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப ஒரு வாரம் மண்டபத்துல என்னைய அவிச்சதெல்லாம்?"

"பிள்ளை எடுக்கத்தானே போனோம். எடுத்தாச்சுல்ல" என்று சொல்லிவிட்டு அம்மா புளியைப் பிழிந்தாள். பிறகு என்னிடம் திரும்பி, "பதில் எழுது. பிள்ளை சுகமா இருக்குன்னு எழுது" என்றாள்.

எழுதினேன். கண்ணீர் விழுந்து ஓர் எழுத்து அழிந்துபோனது, அதைத் திருத்தவில்லை. இரண்டு வருஷம் நான் தவறி வந்தவள் என்று நினைத்துக்கொண்டே சாப்பிட்டிருக்கிறேன், தூங்கியிருக்கிறேன். என்னைக் கூப்பிட்டுத்தான் கொடுத்திருக்கிறாள். அதைச் சொல்ல அவளுக்கு இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது.

அதற்குப் பிறகு ஐயா என்னை மாற்றுவதைப் பற்றிப் பேசவே இல்லை. ஆனால் கடைசிவரை, அம்மா எதைக் குடிக்கக் கொடுத்தாலும் செம்புக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடித்தார்.