கம்பியும் நான்கு உறவினர்களும்

அவருக்கென்று ஒரு பெயர் உண்டு. கண்ணாடிக் கடையின் சம்பளப் பதிவில் அது பத்திரமாக இருக்கிறது. மற்ற இடங்களில் எல்லாம் அவர் கம்பி. கிட்டார் வாசிப்பதால் வந்த பெயர்தான். ஆனால் கம்பி என்று ஒருவருக்குப் பெயர் வைத்துவிட்டுத் தமிழர்களால் சும்மா இருக்க முடியாது. ஒத்திகைக்கு வராவிட்டால் "கம்பி நீட்டிட்டார்" என்பார்கள். தவறாமல் வந்தால் "கம்பி எண்ணிக்கிட்டிருக்கார்" என்பார்கள். இரண்டுக்கும் ஒரே அளவு சிரித்துப் பழகியிருந்தார். ஐம்பதைத் தாண்டிய மனிதருக்கு ஆளுக்கொரு சிரிப்புச் சிரிக்கத் தெம்பு இருப்பதில்லை.

வார நாட்களில் கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து லென்சுகளைச் சட்டத்தின் அளவுக்குத் தேய்ப்பார். கூட்டம் சேர்ந்தால் முன்னால் வந்து, வருகிறவர் மூக்கில் சோதனைச் சட்டத்தை மாட்டி, ஒரு வில்லையைப் போட்டு எடுத்து இன்னொன்றைப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?" என்று கேட்பார். சனி, ஞாயிறு மதியங்களில் ஒரு ஹோட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில், மூன்று பேர் கொண்ட குழுவில், சாப்பிடுகிறவர்களுக்குத் தொந்தரவில்லாமல் வாசிப்பார். முதல் வேலை அவருக்குச் சோறு போட்டது; இரண்டாவது, மற்றவர்கள் சாப்பிடுவதைப் பார்க்க வைத்தது. இரண்டில் எதை விடமாட்டீர்கள் என்று கேட்டிருந்தால், யோசிக்காமல் இரண்டாவதைச் சொல்லியிருப்பார். யாரும் கேட்டதில்லை.

அந்த இரண்டாவதற்குத்தான் ஆபத்து வந்தது. ஹோட்டலுக்குப் புது மேனேஜர் வந்தார். அவருக்கு இசை மிகவும் பிடிக்கும், காதில் விழாதவரை. மேடையில் இனிச் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் பெட்டி எதுவும் கூடாது, எல்லாச் சத்தமும் ஒயர் வழியாக நேரே ஒலியைக் கலக்கும் மிக்சருக்குப் போய், கூரையில் பதித்த சின்ன ஸ்பீக்கர்களில் வரட்டும் என்று சொல்லிவிட்டார். கம்பியிடம் இருந்ததோ வால்வு வைத்த பழைய ஆம்ப். சூடேறினால் அதன் முதுகில் துணி உலர்த்தலாம். இரண்டு பேர் தூக்க வேண்டியதை ஒற்றை ஆளாகப் பல வருடம் தூக்கியதில் அவருடைய இடுப்பில் ஒரு தட்டு விலகியிருந்தது. இனித் தூக்கினால் தன்னிடம் வர வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். டாக்டரும் மேனேஜரும் ஒருவரை ஒருவர் பார்த்தது கூட இல்லை. ஆனாலும் பேசி வைத்துக்கொண்டது போல ஒரே மாதத்தில் அந்தப் பெட்டிக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார்கள்.

குழுவின் தலைவர் கீபோர்டு வாசிப்பவர். மாஸ்டர் என்று அழைப்பார்கள். அவர் கம்பியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"டிஜிட்டல் பெட்டி ஒண்ணு வாங்கிக்க கம்பி. ஊர்ல எல்லாரும் அதுக்கு மாறிட்டாங்க. சரிப்பட்டு வரலன்னா சொல்லு, கிட்டார் சத்தம் என் கீபோர்டுலயே ஒம்போது விதமா இருக்கு. நான் பாத்துக்கறேன்."

அன்பாகத்தான் சொன்னார். மிரட்டுகிறவர்கள் மிரட்டுவதோடு நிறுத்திவிடுவார்கள். மாஸ்டர் அன்பாகச் சொன்னால் செய்துவிடுவார்.

பழைய ஆம்பைக் கடையில் கொடுத்துவிட்டு, மாஸ்டர் சொன்ன டிஜிட்டல் பெட்டியை, மாடலர் என்பார்கள், வாங்கி வந்தார் கம்பி. திரும்பிப் போக வழி வைக்கவில்லை. இரண்டு செங்கல் அகலத்தில் ஓர் இரும்புப் பெட்டி. காலால் அமுக்க நான்கு பொத்தான்கள். நடுவே ஒரு சின்னத் திரை. உள்ளே உலகத்து ஆம்புகள் எல்லாம் போலியாகக் குடியிருந்தன. ஓர் ஆம்பைத் தேர்ந்தெடுத்தால், அதற்கு எந்த ஸ்பீக்கர் என்று கேட்டது. அதைச் சொன்னால், ஸ்பீக்கருக்கு முன்னால் எந்த மைக், மைக் எவ்வளவு தள்ளி, நேராகவா சாய்வாகவா என்று கேட்டது. ஒரு ஸ்வரம் வாசிக்கப் பாஸ்போர்ட் விசாரணை அளவுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அலுமினியச் சட்டங்களைச் சேர்த்துத் திருகிப் பெடல்போர்டு என்கிற பலகை ஒன்று செய்து, அதன் மேல் மாடலரையும் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பெடலையும் ஒட்டும் பட்டையால் பதித்து, ஒயர்களை அடியில் கட்டி மறைத்தார். வேலை முழுவதும் தரையில். இடுப்பைக் காப்பாற்ற வாங்கிய பெட்டிக்காக மாலை தோறும் குனிந்து கிடந்து, எழுந்திருக்கக் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டில் ஹெட்போனைத் தவிர வேறு வழியில்லை. கூடத்தில் மாமியார் தொடர் பார்ப்பார். தொடரில் எல்லோரும் எல்லோர் மேலும் கோபமாக இருப்பார்கள். அதை மாமியார் முழுச் சத்தத்தில்தான் கேட்பார். ஒருநாள் அறைக்குள் எட்டிப் பார்த்தவர், காதை மூடிக்கொண்டு தரையைப் பார்த்தபடி காலைத் தூக்கித் தூக்கி வைக்கிற மருமகனைக் கண்டு மகளிடம் போய்ச் சொன்னார்: "உன் வீட்டுக்காரருக்கு எறும்பு ஏறிடுச்சு போல. போய்ப் பாரு."

வில்லை மாற்றிக் காட்டும் வேலையை இப்போது அவர் தனக்கே செய்துகொண்டிருந்தார். இது நன்றாக இருக்கிறதா, இல்லை இதுவா? கொஞ்ச நேரம் கழித்து, கடைக்கு வருகிறவர்கள் சலித்துப்போய்ச் சொல்வதைத் தானே சொன்னார்: ரெண்டும் ஒண்ணுதான்.

பெட்டியோடு வந்த சத்தங்களின் பெயர்கள் வாயிலும் நுழையவில்லை, நினைவிலும் நிற்கவில்லை. அவற்றை அழித்துவிட்டு, பொத்தானுக்கு ஒன்றாக நான்கு சத்தங்கள் செய்து, தனக்குப் புரிகிற பெயர்களை வைத்தார். எந்தக் கலப்பும் இல்லாத, கேட்டால் மட்டும் பேசுகிற சுத்தமான சத்தம்: அப்பா. சொன்னதையே சற்றுத் தாமதமாக, மறுபடி மறுபடி சொல்லும் எதிரொலி: மச்சான். தன்னைப் போலவே இருந்து, ஆனால் சுருதியில் ஒரு நூலிழை விலகி உடன்வருகிற இரட்டைச் சத்தம்: சகலை. நான்காவது, பிறாண்டுகிற கரகரப்பு. அதற்கு வேறென்ன பெயர் வைக்க முடியும்.

மனைவி டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுப்பவர். நாள் முழுக்க அடுத்தவர் பயத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்து, கட்டிலில் சாய்ந்து, திரையை எட்டிப் பார்த்தார்.

"மாமியார்னு போட்டிருக்கு. யாருங்க இது?"

"உங்கம்மா இல்ல. பொதுவா ஒரு மாமியார்."

"பொதுவாவா? உங்களுக்கு எத்தனை மாமியார்?"

கம்பி பொத்தானை மாற்றினார். மனைவி அவருடைய காலைப் பார்த்துக்கொண்டிருந்தார், தொழில் புத்தி.

"ஏன் ஒவ்வொரு தடவையும் குனிஞ்சு பாக்கறீங்க? கிளட்ச் எங்கயும் ஓடிப் போகாது. கண்ணு ரோட்டுல இருக்கணும்."

"எனக்கு எங்க ரோடு."

"மேடை இருக்குல்ல. குனிஞ்சு பாக்கறவன்தான் போய்ச் சுவத்துல முட்டுறான். குதிகாலைத் தரையில வைங்க, முன்பாதத்தைத் திருப்புங்க. காலே தானாப் போயிடும்."

இரண்டு மாலைகளில் காலே போகக் கற்றுக்கொண்டது. ஹெட்போனுக்குள் கிட்டார் தேனாக ஒழுகியது. அடித்தொண்டையில் ஒரு கனம், சுற்றிலும் பெரிய மண்டபத்தின் முழக்கம். இவ்வளவு நல்ல சத்தத்தைத் தன் கை உண்டாக்கியதாக அவருக்கு ஞாபகமே இல்லை. கண்ணை மூடினால், அசதி கூடச் சுகமாக இருந்தது. மாமியாரில் மட்டும் மினக்கெடவில்லை. வேடிக்கைக்குச் செய்தது, மூக்கால் அழுகிற மாதிரி இருந்தது, அப்படியே விட்டுவிட்டார்.

சனிக்கிழமை மதியம் முதல் பாட்டிலேயே அவர் காணாமல் போனார்.

வாசித்துக்கொண்டுதான் இருந்தார். விரல் சரி, தாளம் சரி, கால் சரி. ஆனால் கூடத்தில் கீபோர்டும் டிரம்சும் கரண்டிச் சத்தமும் கேட்டன, கிட்டார் இருந்த இடத்தில் ஈரப் போர்வை மாதிரி ஏதோ ஒன்று கிடந்தது. மிக்சர் முன் உட்கார்ந்திருந்தவர் சத்தத்தைக் கூட்டினார், போர்வை பெரிதாயிற்று. மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். இரண்டாவது பாட்டின் நடுவில் அவருடைய இடது கை கீபோர்டின் மேல் பொத்தான்களை நோக்கிப் போவதைக் கம்பி கண்டார். ஒன்பது விதக் கிட்டார்களும் அங்கேதான் இருந்தன.

பதற்றத்தில் மச்சானை மிதிக்கப் போய் மாமியாரை மிதித்துவிட்டார். அந்த மூக்குச் சத்தம் கூடத்தைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போயிற்று. மாஸ்டரின் கை அப்படியே நின்றது. மிக்சர்காரர் நிமிர்ந்து கட்டை விரலைக் காட்டினார். கம்பியோ, மன்னிப்புக் கேட்கிற வேகத்தில் அப்பாவுக்குத் திரும்பி, மறுபடியும் காணாமல் போனார்.

இடைவேளையில் மிக்சர்காரர் தண்ணீர் பாட்டிலோடு வந்தார்.

"அண்ணே, உங்க கிட்டார் குளியலறையில இருக்கு. நாங்கல்லாம் ஹால்ல இருக்கோம். ஹெட்போன்ல செஞ்சீங்களா?"

"ஆமா."

"அதான். தனியாக் கேட்டா இனிக்கும். அந்தக் கனமெல்லாம் கீபோர்டோட இடம், முழக்கமெல்லாம் இந்த ஹால்லயே இருக்கு. ரெண்டையும் நீங்களும் கொண்டாந்தா எங்க நிக்கறது? நடுவுல ஒண்ணு கேட்டுச்சே, அது என்ன?"

"அது மாமியார்."

"அப்ப மாமியாரையே வைங்க."

மாஸ்டர் இதைக் கேட்டுக்கொண்டு நின்றார். "நாளைக்கு ஒரு நாள் பாப்போம் கம்பி," என்றார். "சரியா வரலன்னா மனசு கஷ்டப்படாத. அடுத்த வாரத்துல இருந்து நீ வந்து ஒரு டேபிள்ல உக்காந்து சாப்பிட்டுட்டுப் போ. எங்களுக்கும் தெரிஞ்ச முகம் ஒண்ணு இருக்கும்."

வீட்டுக்குப் போய்க் கம்பி பெட்டியைத் தொடவில்லை. ஹெட்போனை மாட்டினால் மறுபடி தேன்தான் ஒழுகும். விஷயத்தைக் கேட்ட மனைவிக்கு ஆச்சரியமே இல்லை. "காலி மைதானத்துல எல்லாரும் நல்லாத்தான் ஓட்டுறாங்க. டிராபிக்ல போய்ப் பழகணும். காலைல முதல் கிளாசுக்கு முன்னாடி உங்களைக் கொண்டுபோய் விட்டுடறேன்," என்றார்.

ஞாயிறு காலை கூடத்தில் மேசை விரிப்புகளை உதறிக்கொண்டிருந்தார்கள். மிக்சர்காரர் கொட்டாவியோடு ஸ்பீக்கர்களை உயிர்ப்பித்து, முந்தின நாள் பதிவு செய்திருந்த கீபோர்டையும் டிரம்சையும் ஓடவிட்டார். அதன் மேல் வாசித்தபடி கம்பி குனிந்தார், திருகினார், நிமிர்ந்தார். அப்பாவின் கனத்தைக் குறைத்தார். மச்சானின் முழக்கத்தை எடுத்தார். சகலையை நடுத்தொண்டைக்கு ஏற்றினார். ரசித்து ரசித்துச் சேர்த்ததை எல்லாம் ஒன்றொன்றாகக் கழிப்பது, சேர்த்ததை விட அதிக அசதி தந்தது. கழிக்கக் கழிக்க நால்வரும் ஒரே ஜாடைக்கு வந்தார்கள். கடைசியில் நான்கு மாமியார்கள் இருந்தார்கள். ஒருவர் கொஞ்சம் சாது, ஒருவர் கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான்.

பதிவை நிறுத்திவிட்டுத் தனியாக வாசித்துப் பார்த்தார். தகர டப்பாவில் ஆணியால் கோடு போட்டது போல இருந்தது. முள்கரண்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த பணியாளர் பக்கத்தில் வந்தார்.

"ஏதாவது ரிப்பேரா சார்?"

"இல்லப்பா. இப்பதான் சரியாச்சு."

பணியாளர் தலையாட்டிவிட்டு விலகிப் போனார். நோயாளிகளிடம் வாதாட வேண்டாம் என்று யாரோ அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

மதியம் கூடம் நிறைந்தது. கம்பி முன்பாதத்தைத் திருப்பினார், குனியவில்லை. காதுக்குள் செருகிய சின்னக் கருவியில் அவருக்கு வந்தது அந்தத் தகரம்தான். பழைய ஆம்ப் முதுகுக்குப் பின்னால் நின்று, அவர் வாசித்ததை அவர் மேலேயே அனலோடு ஊதும்; இப்போது பின்னால் இருந்தது ஒரு திரைச்சீலை. நன்றாக இருக்கிறதா, கெட்டுப்போய்விட்டதா என்று தெரிந்துகொள்ள அவருக்கு இருந்த ஒரே கருவி மாஸ்டரின் இடது கை. அதைப் பார்த்துக்கொண்டே வாசித்தார். முதல் பாட்டில் அது அசையவில்லை. இரண்டாவதில் தாளம் போட்டது. மூன்றாவதில், கிட்டார் தனியாக வருகிற இடத்தில், மாஸ்டர் அந்தக் கையை கீபோர்டை விட்டே எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

முடிந்து ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போது மேனேஜர் வந்து மிக்சர்காரரிடம் விசாரித்தார்.

"இன்னிக்குக் கிட்டார் இருந்துச்சா?"

"முழுசா இருந்துச்சு சார்."

"நல்லது. தெரியவே இல்ல."

மாஸ்டர் தன் பையின் ஜிப்பை இழுத்தபடி, கம்பியைப் பார்க்காமலேயே சொன்னார்: "கேட்டுச்சு. நல்லா இருந்துச்சு. வர்ற சனிக்கிழமை கொஞ்சம் முன்னாடி வந்துடு, புதுசா ரெண்டு பாட்டு பாக்கணும்."

கூரையில் பலகை வைத்த டிரைவிங் ஸ்கூல் காரோடு மனைவி வாசலில் காத்திருந்தார். பெடல்போர்டைப் பின்னிருக்கையில் வைப்பதற்கு ஒரு கை போதுமாக இருந்தது. கம்பி இடுப்பைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஏறினார்.

"எப்படிங்க இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சாம்."

"யாரு சொன்னா?"

"மாஸ்டர்."

"உங்களுக்கு?"

கம்பி கண்ணாடி வழியே வெளியே பார்த்தார். "எனக்குத் தகரம் மாதிரிதான் இருந்துச்சு. ஹால்ல நல்லாக் கேட்டுச்சாம்."

அந்த 'ஆம்' பெரிய வசதி. தான் பார்க்காததை, தான் பொறுப்பேற்காததை, ஒரே அசையில் அடுத்தவர் தலையில் வைத்துவிடலாம். இத்தனை வருடம் அண்டை வீட்டுச் சங்கதிகளுக்குப் பயன்படுத்திய அதைத் தன் கிட்டாருக்கே போட வேண்டிவரும் என்று அவர் நினைத்ததில்லை. இனி வார இறுதிகளில் அவர் வாசிப்பார். எப்படி இருந்தது என்பதை மற்றவர்கள் சொல்வார்கள்.

"என்கிட்ட கத்துக்கிட்டவங்கல்லாம் நல்லா ஓட்டுறாங்களாம்," என்றார் மனைவி, வண்டியைக் கிளப்பியபடி. "நான் என்ன பின்னாடியே போயா பாக்கறேன்? சனிக்கிழமை இருக்கா, இல்லையா?"

"வரச் சொல்லிருக்கார்."

"அப்புறம் என்ன. அந்தக் காலைக் கொஞ்சம் எடுங்க, உங்க பக்கமும் பிரேக் இருக்கு."

கம்பி இரண்டு கால்களையும் இருக்கைக்கு அடியில் இழுத்துக்கொண்டு, தலையைச் சாய்த்தார். வண்டி நகர்ந்தது.