சாவடியில் அணைத்த எஞ்சின்

சோதனைச் சாவடி வந்தால் எஞ்சினை அணைக்க வேண்டும், கண்ணாடியை இறக்க வேண்டும், அடையாள அட்டையைக் கையில் எடுக்க வேண்டும். போர்க்காலக் கொழும்பில் வாகனம் ஓட்டப் பழகியவர்கள் கியரோடு சேர்த்து இதையும் பழகினோம். கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு அலுவலகப் பெண்களை ஏற்றிச் செல்லும் வான் ஒன்றை நான் அப்போது ஓட்டினேன். சாவடியில் அணைத்தால் அது திரும்ப ஸ்டார்ட் ஆகாது. வேறு எங்கும் அப்படிச் செய்ததில்லை.

மூன்றாம் முறை இரண்டு சிப்பாய்கள் வானை ஓரத்துக்குத் தள்ளினார்கள். "ஒவ்வொரு நாளும் இங்கேதானா தம்பி?" என்று ஒருவன் சிங்களத்தில் கேட்டான். என் அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான். கால் மணி நேரம் கழித்து வான் ஒன்றும் நடக்காததுபோல் ஸ்டார்ட் எடுத்தது.

வான்காரர், அந்த வானின் முதலாளி, வெள்ளவத்தையில் இருந்தார். செய்தி எனக்கு முன்பே அவரிடம் போயிருந்தது.

"ஆமியைக் கண்டவுடன உமக்குக் கை பதறுது. சாவியைத் தாறுமாறாத் திருப்புறீர். திங்களிலயிருந்து வேற ஆள் ஓடட்டும் தம்பி."

"வான்லதான் பிழை அண்ணை."

"எனக்கு ஒருநாளும் நிக்கேல்லையே."

அவர் ஓட்டியது பக்கத்திலுள்ள கோயிலுக்கும் சந்தைக்கும்தான். ஆனாலும் என் கை பதறியது உண்மை. அதனால் பாதி நம்பிவிட்டேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அப்பா எதற்கும் ஒரே கேள்விதான் கேட்பார்: "புத்தகத்தில பாத்தியா?" அன்றும் கேட்டார். நூலகத்துக்குப் போய், ஆங்கில அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் படித்தேன். எஞ்சின் சுற்றுவதைக் கண்டு சொல்லும் சென்சர் ஒன்று உண்டு. கெட்டுப்போகத் தொடங்கினால் அது சூட்டில் வேலை செய்யாது, ஆறினால் செய்யும். ஸ்டார்ட்டர் சுழன்றாலும் எஞ்சின் சுற்றைக் காட்டும் டயல் முள் அசையாது. சாவடியில் நின்ற நேரங்களில் எங்கள் முள்ளும் அசைந்ததில்லை. கொதிக்கிற எஞ்சினை அணைத்துச் சில நிமிடத்தில் திரும்ப ஸ்டார்ட் செய்வது சாவடியில் மட்டும்தான். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஞாயிறு மத்தியானம் வான்காரரையே ஓட்டச் சொன்னேன். ஒருகொடவத்தைவரை போய், திரும்பி அவருடைய வீட்டுக் கேற் முன்னால் நிறுத்தினோம்.

"அஞ்சு நிமிசம் அணைச்சு வையுங்கோ அண்ணை."

பிறகு சாவியைத் திருப்பினார். ஸ்டார்ட்டர் சுழன்றது. முள் அசையவில்லை. மறுபடி, மறுபடி.

"இஞ்ச ஆமி ஒருத்தரும் இல்லையே," என்றேன்.

"வாயைக் குறைச்சுப் பிழையைக் காட்டும்."

என் பக்க முன் சீட்டைத் தூக்கி, அதன் கீழிருந்த எஞ்சினின் சென்சர்மேல் போத்தல் தண்ணீரை மெல்ல ஊற்றினேன். "இப்ப அடியுங்கோ." முதல் திருப்பிலேயே எடுத்தது. அவர் எஞ்சினை அணைத்துச் சாவியை உருவினார்.

"அப்ப வான்தான் பயந்திருக்கு," என்று சாவியை என்னிடம் நீட்டினார்.

புதுச் சென்சர் பூட்டியபின் அதே சாவடி, அதே சிப்பாய். அட்டையைத் திருப்பித் தந்து, போ என்று கையைக் காட்டினான். என் கை அன்றும் நடுங்கியது. சாவியைத் திருப்பினேன். வான் ஸ்டார்ட் எடுத்தது.