பேச்சி மகளும் எட்டுத் தாயத்தும்

பிள்ளையை அளப்பது நெல்லை அளப்பது மாதிரி இல்லை. நெல் அழாது, மரக்காலை உதைக்காது, அளக்கிறவன் மடியை நனைக்காது. ராவெல்லாம் கண்விழித்து, விடிந்த பிறகும் வீடு போகக் கொடுத்துவைக்காத அன்பர்கள் எவரேனும் இருந்தால், அவர்களுக்கு என் பாடு புரியும்.

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரியில் நான் ராக்காவல். மருந்துக் குப்பிகளில் ஒட்டிய சீட்டுகளைப் பார்த்துப் பார்த்து இங்கிலீஷ் எழுத்தை நானே கற்றுக்கொண்டேன். அது டாக்டருக்குத் தெரியவந்ததுதான் வினை. பிள்ளைகளின் எடையை வாரம் ஒருமுறையும், உயரத்தையும் நடையையும் மாதம் ஒருமுறையும் எழுதச் சொன்னார். தொடர்ந்து மூன்று வாரம் எடை கூடாத பிள்ளைக்குத் தினம் ஓர் உழக்குப் பசும்பால் கிடைக்கும். ஏன் நான் என்று கேட்டேன். “ஒரே ஆளு, ஒரே நேரத்துல, பால் குடிக்க முன்ன அளக்கணும். விடியக்காலம் தவறாம இங்கன இருக்கது நீரு ஒருத்தர்தானவே” என்றார்.

சாரலில் வளர்ந்தவர்கள்

முதலில் எனக்குக் கிடைத்தது தையற்காரரின் துணி நாடா. சாரல் மாதத்தில் அதை ஜன்னலில் மறந்துவிட்டேன். மூன்று நாள் நனைந்து காய்ந்தது. அந்த மாதம் அளந்த பிள்ளைகள் எல்லோரும் அரை அங்குலம் கூடியிருந்தார்கள். வெளியே மலை மேகத்துக்குள் கரைந்திருந்தது. தூக்கமில்லாத கண்ணுக்கு, ஆற்றோர நாற்றும் பிள்ளைகளும் ஒரே மழையில் ஓசையில்லாமல் நீளுவதாகத் தோன்றிற்று. நாடாவைத் துளிகூடச் சந்தேகப்படாமல் எழுதிக்கொண்டு போனேன்.

டாக்டர் நோட்டைப் புரட்டினார். நாடாவை எடுத்து வாசல் நிலையை அளந்தார். போன மாதம் ஆறடி இருந்த நிலை, நனைந்து சுருங்கிய நாடாவில் இப்போது ஓர் அங்குலத்துக்கு மேல் வளர்ந்திருந்தது. “பிள்ளைக வளரட்டும், சந்தோசம். நிலை எதுக்குவே வளருது?” என்றார்.

படுக்க வைத்த காலை

நிற்கத் தெரியாத சிசுக்களைப் பலகையில் கிடத்தி அளக்க வேண்டும். முதல் நாள் நான் பலகையை எடுத்ததுமே தாய்மார் பிள்ளைகளை வாரிக்கொண்டு போய்விட்டார்கள். தலையிலிருந்து கால்வரை கிடத்தி அளப்பது பாடை கட்டத்தானே? அடுத்த வாரம் ஒரு பிள்ளைகூட வரவில்லை. மறுவாரம் நான்கு பேர் வந்து வாசலோடு நின்றார்கள். வேறு வழி தெரியாமல் நான் பெஞ்சில் நீட்டிப் படுத்து, என்னை அளக்கச் சொன்னேன்.

சிரிப்பும் கூச்சமுமாய் அளந்தார்கள். ராத்திரிச் சோர்வு, அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன். கனவில் ஆற்றுத் தண்ணீர் என்னைச் சாண் சாணாக அளந்துகொண்டு போயிற்று. விழித்தபோது எதிரே பேச்சி நின்றாள். வயல் வேலைக்குப் போகிறவள். முதல் பிள்ளையைப் பல் முளைக்குமுன் பறிகொடுத்தவள். இடுப்பில் இரண்டாவது மகள் இசக்கி. “உங்கள அளந்தும் நீங்க எந்திரிச்சிட்டியளே அண்ணாச்சி. அப்பம் எம் மவளையும் அளங்க” என்றாள்.

ஐந்து அடி

நடையை அளப்பது எடையைவிடச் சிரமம். தாய் கருப்பட்டித் துண்டோடு எதிரே உட்கார வேண்டும். பிள்ளை யாரும் பிடிக்காமல் எத்தனை அடி வைக்கிறது என்று நான் எண்ண வேண்டும். பெண்கள் முந்தானைக்குள்ளிருந்து ஒரு விரலைக் கொடுத்துவிட்டு, “தானா நடக்கான்” என்பார்கள்.

இசக்கி விரல் வாங்காதவள். பதினாறு மாதத்தில் தானாக ஐந்தடி வைத்தாள். மறுமாதம் மூன்றடி. அதற்கும் மறுமாதம் தூணைப் பிடித்தபடி கருப்பட்டியைப் பார்த்தாளே தவிர, கையை எடுக்கவில்லை. நோட்டிலோ எடை வாரத்துக்கு ஒரு பலம், மூன்று ரூபாய்க் காசின் கனம், கூடிக்கொண்டே இருந்தது. பால் கிடைக்க வழியில்லை. தூக்கக் கலக்கமாயிருக்கும் என்றேன். பேச்சி மெதுவாகக் கேட்டாள்: “நடக்க மறந்துட்டாளா அண்ணாச்சி?”

தராசின் மறுதட்டு

அந்த வாரம் பகலில் எனக்குத் தூக்கம் வரவில்லை. காலா, தராசா, எது பொய் சொல்கிறது? அடுத்த முறை இசக்கியைத் தட்டில் வைத்தபோது ‘கிணுங்’ என்றது. சட்டையை விலக்கினேன். அரைஞாணில் ஈயம் அடைத்த செப்புத் தாயத்துகள், எட்டு. மகள் வாடவாட, வாரம் ஒரு சந்நிதிக்கு நடந்திருக்கிறாள் பேச்சி. வள்ளியூர் முருகன் கோயில் முதல் மேலப்பாளையம் பள்ளிவாசல் வரை போய்வந்திருக்கிறாள். அத்தனையையும் சதை என்று எழுதிக்கொண்டிருந்தவன் நான்.

அவிழ்க்கச் சொன்னேன். “கட்டுனத அவுத்தா மூத்தது போன வழிதான்” என்று பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். செம்பு வேலை செய்யும் கன்னாரிடம் போய் அதே அளவில் ஈயம் அடைத்த எட்டுத் தாயத்து செய்து வாங்கிவந்து, படிக்கல் இருக்கும் தட்டில் அவற்றையும் வைத்து நிறுத்தேன். எட்டு வாரத்துக்கு முந்தின எடையைவிட ஒரு பலம் குறைவு. டாக்டர் அன்றைக்கே பாலுக்குச் சீட்டு எழுதினார். “எட்டு வாரமா நாம சாமியளையில்லா நிறுத்துக்கிட்டு இருந்திருக்கோம் வே” என்றார்.

மூன்றாம் மாதம் இசக்கி தூணை விட்டாள். பதினோரு அடி எண்ணினேன். அதற்குள் வாசலைத் தாண்டி மூடுபனிக்குள் போய்விட்டாள். எண்ணுவதை விட்டுவிட்டு நானும் பேச்சியும் பின்னால் ஓடினோம். பிறகு பேச்சி வாரம் ஒன்றாகத் தாயத்துகளை அந்தந்தச் சந்நிதியில் செலுத்த, நானும் மறுதட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். கடைசித் தாயத்து போன காலையில் அவள் சொன்னாள்: “இனிமே வெறும் பிள்ளைதான் அண்ணாச்சி, தைரியமா எழுதுங்க.”

தாயின் பயத்தை முதலில் கழித்துவிட்டு மீதியை எழுதுவதுதான் இந்தத் தொழில் என்று, நான் படித்த எந்த மருந்துக் குப்பியிலும் சீட்டு ஒட்டியிருக்கவில்லை.